வேம்பு வாங்கு, முதிரைக் கால்: ஓர் ஓடாவியார் பட்டறை பற்றி

மட்டக்களப்பின் கிரான்குளம் பக்கம், பிரதான வீதியிலிருந்து வாவியை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்தப் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, அதன் கீழ் அடுக்கடுக்காகப் பலகைகள், நடுவில் தழும்பேறிய ஒரு வேலை மேசை. கதவு நிலை, யன்னல் நிலை செய்வதுதான் ஓடாவியாரின், அதாவது தச்சரின், அன்றாடப் பிழைப்பு. ஆனால், நம்முடைய மரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கு (நீள இருக்கை), மேசை, பெட்டகம் எல்லாம் கூலிக்குச் செய்து தருகிறார். எங்கள் வளவில் விழுந்த வேம்பை அவரிடம் கொடுத்து, அம்மா விறாந்தையில் உட்கார ஒரு வாங்கு செய்வித்தேன். வாங்கு வீட்டுக்கு வந்து வறண்ட காற்று வீசும் கச்சான் பருவம் ஒன்றும் ஒரு மாரியும் போய்விட்டன. தளபாடத்தை வாங்கிய கையோடு மெச்சி எழுதுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. நம் ஊர்க் கச்சான் காற்று ஒரு முறையாவது அதன்மேல் அடித்து ஓய்ந்த பிறகுதான் மரம் தன் குணத்தைக் காட்டும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் பொருத்துகிற வேலையில் இவருக்கு நிகராக ஒருவரை நான் பார்த்ததில்லை. தவணை சொல்லி அதைக் காப்பாற்றுவதில் அவர் மிகவும் பின்தங்கியவர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதும், அடுத்த மரத்தையும் அவரிடமே கொடுப்பேன்.

மரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் வளவுத் தென்னைகள் சரிந்தபோதும் அசையாமல் நின்ற வேம்பு அது. வேர் உளுத்து, ஒரு கார்த்திகை மழையில் காற்றுகூடப் பெரிதாக இல்லாத இரவில் சாய்ந்தது. விறகுக்குக் கேட்டு வந்தவர்களிடம் கொடுக்க மனம் வரவில்லை. சொந்த வளவு மரம்தானே என்று நினைத்தபடி எதையும் வெட்டிவிட முடியாது என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுகிறேன். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். வேறு மரமானாலும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வீதிக்கு இறக்குவதற்கு முன் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வழியில் மறித்துக் கடதாசி கேட்டால் ஓடாவியாரால் உதவ முடியாது.

மர ஆலைக்கு ஓடாவியார் தாமே வந்தார். இது எல்லாரும் செய்கிற காரியமில்லை. அடிமரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, எந்தப் பக்கத்தில் வாளை விட வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். மரத்தின் நடுமையம் ஓடுகிற பலகையை வாங்குக்கு எடுக்க மறுத்துவிட்டார். அந்தப் பலகைதான் அகலத்தில் பெரியது, பார்வைக்கும் நல்லது. ஆனால் காயக் காய நடுமையத்தை ஒட்டியே வெடிக்கும் என்றார். அதற்கு அடுத்த பலகையை இரண்டரை அங்குலத் தடிப்பில் அரிவித்தார். காய்ந்து, வளைவு எடுத்து, சீவி முடியும்போது இரண்டு அங்குலம் மிஞ்சும் என்பது அவருடைய கணக்கு. அப்படியே மிஞ்சியது.

அரிந்த அன்றே பலகையின் இரு தலைப்புகளிலும் பழைய பெயின்ட் ஒன்றைத் தடிப்பாகப் பூசினார். மரம் தன் ஈரத்தைத் தலைப்பு வழியாகத்தான் மிக வேகமாக விடும். தலைப்பு முந்திக் காய்ந்து சுருங்க, உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் பகுதி விட்டுக்கொடுக்காமல் நிற்க, பலகை நுனியிலிருந்து பிளக்கத் தொடங்கும். பெயின்ட் அந்த அவசரத்தைத் தணிக்கிறது. பிறகு பட்டையை உளியால் உரித்தார். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில்தான் பூச்சி குடியேறும். இயற்கையான விளிம்போடு வாங்கு வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். விளிம்பின் வளைவு அப்படியே நிற்கட்டும், பட்டை மட்டும் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சரியான பேச்சு. பட்டையோடு பளபளவென்று வார்னிஷ் பூசி விற்கிற பலகைகளை நகரத்தில் பார்த்திருக்கிறேன். கையால் தட்டினால் மாவு கொட்டுகிறது.

அதன்பின் காத்திருப்பு. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது உலகம் முழுவதும் தச்சர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. எங்கள் பலகையை, இடையிடையே சிறு சட்டங்கள் கொடுத்து, நிழலில், காற்று மேலும் கீழும் போகும்படி அடுக்கி வைத்து, “இரண்டு கச்சான் போகட்டும் ரீச்சர்” என்றார். அவசரமென்றால் தம்மிடம் ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் வாகைப் பலகை ஒன்றைத் தருவதாகவும் சொன்னார். எனக்கு அந்த வேம்புதான் வேண்டும். காத்திருந்தேன். இந்தக் காத்திருப்பை நான் குறையாக எழுதவில்லை. நான் குறை சொல்வது, பலகை காய்ந்து முடிந்த பிறகும் வேலை தொடங்க “இந்தக் கிழமை, அடுத்த கிழமை” என்று இழுத்ததைத்தான். ஐப்பசியில் தருவதாகச் சொன்ன வாங்கு தைப்பொங்கல் கழிந்துதான் வந்தது. இடையில் யாரோ ஒருவருடைய வீடு குடிபுகுதலுக்குக் கதவுகள் செய்துகொண்டிருந்தார். சொல்லி அனுப்பியிருக்கலாம். தொலைபேசியையும் எடுக்கமாட்டார்.

அளவெடுக்க வீட்டுக்கு வந்தபோது நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வழக்கமான வாங்கு உயரம் பதினெட்டு அங்குலம். அவர் அம்மாவைக் கதிரையில் உட்காரச் சொல்லி, “கொஞ்சம் காலை நேராக வையுங்கள் அம்மா” என்று கேட்டு, குதிக்காலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தார். பதினாறரை வந்தது. “பதினெட்டில் செய்தால் உங்களுடைய கால் தொங்கும். தொடையின் அடிப்பக்கம் விறைக்கும். எழும்பும்போது தடுமாறுவீர்கள்” என்று அம்மாவிடமே விளக்கினார். வாங்கின் விளிம்பைப் பிடித்து ஊன்றித்தான் அம்மா எழும்புவார் என்பதையும் கேட்டறிந்து, அவர் வழக்கமாக இருக்கும் பக்கத்தின் விளிம்பைக் கை அடங்கும் அளவுக்கு மட்டும் உருட்டிச் சீவினார். கடைகளில் அளவுநாடாவை நம்மிடம் தந்து ‘எத்தனை அடி வேண்டும்’ என்று கேட்கிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய காரியமாகப் பட்டது.

இனி கால்கள். என் பார்வையில் இந்த மாதிரி வாங்கின் உயிர் கால் பொருத்தில்தான் இருக்கிறது. பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது மரம் தந்தது. பொருத்து ஒன்றுதான் மனிதன் தருவது. அதனால் அந்த வேலை நடந்த நாட்களில் பட்டறையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அவர் தடுக்கவில்லை.

கால்களுக்கு எடுத்தது முதிரை என்ற வைர மரம். இப்போது முதிரையைக் காட்டிலிருந்து கொண்டுவருவதை நினைக்கவும் கூடாது. இவர் எடுத்தது பழைய வீடொன்றைப் பிரித்தபோது வந்த கூரை மரம். பல பத்தாண்டுகள் ஓட்டுக்குக் கீழே காய்ந்தது, இனிச் சுருங்க அதில் எதுவுமில்லை. கருத்துப்போன மேற்புறத்தைச் சீவியதும் உள்ளே மஞ்சள் நிறம் பட்டுப் போல மின்னியது. இந்தத் தெரிவில் வலிமை ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் பலகைக்கும் காலுக்கும் இடையிலுள்ள ஈர வித்தியாசம். பலகை எவ்வளவு காய்ந்தாலும் அதில் சிறிது ஈரம் மிச்சமிருக்கும். அதில் போட்ட துளைக்குள், காலின் தலைப்பில் செதுக்கிய முளையான கழுந்தை எலும்பாகக் காய்ந்த நிலையில் இறக்கினால், காலப்போக்கில் பலகை சுருங்கிக் கழுந்தை இறுக்கிப் பிடிக்கும். மாறிச் செய்தால், அதாவது காய்ந்த பலகையில் பச்சைக் காலை இறக்கினால், கால் மெலிந்து ஒரு வருடத்துக்குள் ஆடத் தொடங்கும். சந்தையில் வாங்குகிற வாங்குகள் பல ஆடுவதற்கு இதுவே முதற்காரணம் என்கிறார்.

காலின் மேல்தலைப்பில் ஒன்றேகால் அங்குல விட்டத்தில் உருண்டையான கழுந்து. அதற்குக் கீழே கால் சட்டென்று தடித்து ஒரு தோள் மாதிரி நிற்கும்; பலகையின் அடிப்புறம் அந்தத் தோளில் உட்காரும். பாரம் முழுவதையும் வாங்குவது தோள்தான். துளை பலகையின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் வரை ஊடுருவிப் போகிறது. துளையைச் செங்குத்தாகப் போடுவதில்லை. கால்கள் வெளிப்பக்கம் விரிந்து நிற்க வேண்டும் என்பதால் துளையும் அதே சாய்வில் போக வேண்டும். பலகையின் அடிப்புறத்தில் பென்சிலால் கோடு வரைந்து, சாய்வைக் காட்டும் கருவியான சாய்வு மட்டத்தை அந்தக் கோட்டில் நிறுத்தி, அதன் சட்டத்தையும் துளைபோடும் துறப்பணத்தையும் ஒரே கண்ணால் பார்த்தபடி துளைத்தார். அவருடைய மருமகன் எதிர்ப்பக்கம் குந்தியிருந்து “இன்னும் கொஞ்சம் உங்கள் பக்கம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணிதம் படிப்பித்த பழக்கத்தில், வாங்கு வீட்டுக்கு வந்த பிறகு பாகைமானி வைத்துப் பார்த்தேன். நான்கு கால்களும் பன்னிரண்டு பாகைக்கு ஒட்டியே நிற்கின்றன. பாகை என்ற பேச்சையே எடுக்காத கை அது.

விரிவுக்குக் காரணம் அழகு மட்டுமென்று நினைக்க வேண்டாம். நேர்க்கால் வாங்கின் நுனியில் ஒருவர் இருந்தால் மறுமுனை எழும்பும். காலடி பலகையின் நுனிக்குக் கிட்டத்தட்ட நேர்கீழே போய் ஊன்றினால் எந்த மூலையில் இருந்தாலும் கவிழாது. பிள்ளைகள் வந்து ஓரத்தில் தொங்கும் வீட்டுக்கு இது கட்டாயம் வேண்டும்.

பிறகு ஆப்பு. கழுந்தின் தலையில் வாளால் ஒரு வெட்டு. காலைத் துளைக்குள் அடித்து ஏற்றி, கழுந்து பலகையின் மேற்புறத்தில் எட்டிப் பார்த்ததும் அந்த வெட்டுக்குள் முதிரை ஆப்பொன்றை இறக்குவார். ஆப்பு இறங்க இறங்கக் கழுந்து விரிந்து துளையின் சுவரில் நெரிந்து பிடிக்கும். இங்கேதான் முழு வித்தையும் இருக்கிறது: வெட்டு எந்தத் திசையில் நிற்க வேண்டும்? பலகையின் ரேகை, அதாவது மரத்தின் நார், ஓடும் திசையிலேயே வெட்டு நின்றால், ஆப்பின் தள்ளல் ரேகைக்குக் குறுக்கே போய்ப் பலகையைப் பிளந்துவிடும். வெட்டு ரேகைக்குக் குறுக்கே நிற்க வேண்டும். அப்போது தள்ளல் ரேகையின் போக்கிலே போகும். அந்தத் திசையில் மரம் எவ்வளவு நெருக்குதலையும் தாங்கும். ஒவ்வொரு காலையும் அடித்து ஏற்றுவதற்கு முன், கழுந்தின் வெட்டைப் பலகையின் ரேகையோடு விரலால் தடவி ஒப்பிட்டார். கண்ணால் பார்த்தாலே தெரிகிற விடயம். இருந்தும் ஒவ்வொரு தடவையும் விரல் போனது.

கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலின் சத்தத்தையும் சொல்ல வேண்டும். ஆப்பு இறங்கத் தொடங்கும்போது ‘தொப், தொப்’ என்று ஒரு மந்தமான சத்தம். நாலைந்து அடி போனதும் அது ‘டக்’ என்று கெட்டிப்படும். அந்த இடத்தில் அவர் கையை நிறுத்திவிட்டார். மருமகன் இன்னொரு அடி போட ஓங்கியபோது மணிக்கட்டைப் பிடித்தார். “அது போதும் என்று சொல்லிவிட்டது. இதற்கு மேல் அடித்தால் பிளக்கும்.” கழுந்தில் மெல்லிய பூச்சாக வெள்ளைப் பசை தடவியிருந்தார். ஆணியும் ஸ்குரூவும் ஒன்றுகூட இல்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலிருக்கும் நம் எழுவான்கரையில் இரும்பு எத்தனை நாள் நிற்கும்? உப்புக்காற்றில் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கறுப்பாக்கித்தான் போகும்.

இதே காலத்தில் உறவினர் ஒருவர் நகரத்துக் காட்சியறை ஒன்றில் அகலமான பலகை வாங்கு வாங்கினார். கீழே இரும்புக் கால்கள், பலகையின் குறுக்கே இறுக்கிய இரும்புத் தகடு, கண்ணாடி போன்ற மேற்பூச்சு. முதற்கச்சானிலேயே நீளவாக்கில் பிளந்தது. பலகை நீளத்தில் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம்; அகலத்தில்தான் சுருங்கும். அகலத்துக்குக் குறுக்கே அசையாத இரும்பைப் பூட்டிவிட்டால் மரம் வேறென்ன செய்யும்? தகட்டில் ஸ்குரூத் துளையை வட்டமாக விடாமல் நீள்துளையாக வெட்டியிருந்தால் போதும், பலகை அசைய இடம் கிடைத்திருக்கும். அந்தச் சிறிய கவனம் இல்லாமல் ஒரு நல்ல மரம் வீணானது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

கால்களைச் சமப்படுத்திய முறை எளிமையானது, வீட்டில் ஆடுகிற கதிரை வைத்திருப்பவர்கள் அறிந்துகொள்ளலாம். சமமான சீமெந்துத் தரையில் வாங்கை நிறுத்தி, ஆடுகிற காலுக்குக் கீழே மெல்லிய சிராய்களைச் செருகி, பலகையின் மேல் நீர்மட்டம் வைத்து நேராக்கினார். பிறகு ஒரு சிறு மரக்கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, கட்டையைத் தரையோடு நகர்த்தி ஒவ்வொரு காலையும் சுற்றிக் கோடு போட்டார். அந்தக் கோட்டில் அரிந்ததும் நான்கு பாதமும் தரையில் படிந்தன. அரிந்த விளிம்பைச் சற்று மழுக்கிவிட்டார், இழுக்கும்போது சிம்பு கழலாது.

ஒரு நுனியில், அத்தனை கவனத்தையும் மீறி, விரல்நீள வெடிப்பொன்று வந்திருந்தது. அதை மரத்தூளும் பசையும் கொண்டு அடைத்து மறைக்காமல், இரு புறமும் அகன்று நடுவில் ஒடுங்கிய ஒரு முதிரைத் துண்டை வெடிப்பின் குறுக்கே பதித்துப் பூட்டியிருக்கிறார். வேம்பின் செம்மைக்கு நடுவில் அந்த மஞ்சள் துண்டு வருகிறவர்கள் கண்ணை முதலில் இழுக்கிறது. வெடிப்பு அதற்கப்பால் ஓர் இழைகூட நகரவில்லை.

மேற்பூச்சில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. அவருக்கு வார்னிஷ் மேல்தான் பிரியம். எனக்கு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் வேண்டும். மேற்பரப்பு தேய்ந்தால் நாமே துடைத்துப் பூசிக்கொள்ளலாம், வார்னிஷ் உரியத் தொடங்கினால் முழுவதையும் சுரண்ட வேண்டும். கடைசியில் மேற்புறம் எண்ணெய், கால்கள் வார்னிஷ் என்று முடிந்தது. பார்வைக்கு அந்த வேறுபாடு எனக்குப் பிடிக்கவில்லை. காலின் பாதங்களை மட்டும் எண்ணெயில் ஊறவிட்டது நல்ல வேலை, ஏனென்றால் விறாந்தையைக் கழுவும் தண்ணீரைப் பாதம்தான் உறிஞ்சும். நீங்களும் இந்த எண்ணெயைப் பூசினால், பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக் கூடியது அது. விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

இன்னும் சில குறைகள். பலகையின் அடிப்புறத்தை அரத்தாள் போடாமல் வாள் தடத்தோடே விட்டுவிட்டார். கண்ணுக்குத் தெரியாத இடம் என்றாலும் அம்மாவின் சேலை இரண்டு முறை சிக்கியது. நானே தேய்த்து மழுக்கினேன். பற்றுச்சீட்டு தரமாட்டார், கணக்கு முழுவதும் வாய்மொழி. ஏற்றிக் கொண்டுவரும் பொறுப்பும் நம்முடையது. கூலியாக 22,000 ரூபாய் வாங்கினார், கால்களுக்கான முதிரையும் அதற்குள் அடக்கம். மர ஆலைச் செலவும் வாகனக் கூலியும் தனி. காட்சியறை விலையோடு பார்த்தால் இதை அதிகம் என்று சொல்லமாட்டேன். முற்பணமாகப் பாதி கேட்பார்.

கச்சான் அடித்த மாதங்களில் வாங்கில் நான் கண்டது இது. தை மாதத்தில் பலகையோடு மட்டமாகச் சீவப்பட்டிருந்த நான்கு கழுந்துத் தலைகளும், ஆடி மாதம் கையால் தடவியபோது ஒரு கடதாசி மட்டையின் தடிப்புக்கு மேலே எழும்பி நின்றன. கால் கழன்று மேலே வருகிறதோ என்று பயந்து ஓடாவியாரை அழைத்தேன். பார்த்துவிட்டு, “கால் அசையவில்லை ரீச்சர், பலகைதான் மெலிந்திருக்கிறது. கழுந்து நீளவாக்கில் சுருங்காது. மாரிக்கு மட்டமாகிவிடும்” என்றார். சீவிவிடவா என்று கேட்ட மருமகனையும் தடுத்தார். இப்போது சீவினால் மழைக்காலத்தில் குழி விழும். மாரியில் பலகை ஈரம் வாங்கி ஊறியதும் அவர் சொன்னபடியே தலைகள் மட்டத்துக்கு வந்தன. கால்களை அன்றும் இன்றும் அசைத்துப் பார்க்கிறேன். துளியும் ஆட்டமில்லை.

கொடுக்க நினைப்பவர்கள் மரத்தை மாரி முடிந்த கையோடு அரிவித்து, கச்சானுக்கு முன் அடுக்கிவிடுங்கள். விரும்பிய உயரத்தை எழுதிக் கொடுப்பதைவிட, அதில் இருக்கப்போகிறவரை அவர் அளக்கும்போது வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அடிப்புறத்துக்கும் அரத்தாள் போடச் சொல்லி வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கலியாணம், குடிபுகுதல் என்று நாள் குறித்த காரியத்துக்கு மட்டும் இவரை நம்பி இருக்க வேண்டாம். ஆளைப் பிடிக்கக் காலை ஏழு மணிக்கு முன் பட்டறைக்கு நேரில் போவதே வழி.